நான் மூன்று முறை சுற்றிவந்த வண்டி

கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி வண்டி ஒன்றை என் சிநேகிதி வாங்கப்போகும் செய்தியை எனக்குச் சொன்னது ரொறன்ரோவில், மார்க்கம் றோட்டில் உள்ள மரக்கறிக் கடையில். நான் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நாங்கள் ஒரு ஆர்.வி எடுக்கிறம். பொங்கல் முடியக் கையோட வெளிக்கிடுறம். மெக்சிக்கோப் பக்கம் நீட்டா ஒரு இடம் கிடக்கெல்லே, பாஹாவோ என்னவோ, அங்க போறம். கன வண்டியள் ஒண்டாச் சேர்ந்து போகுதாம்."

காய் கையிலேயே முறிந்தது. அவள் போவதைக்கூடப் பொறுத்திருப்பேன், அந்த "என்னவோ"வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பெயர் எனக்கு ஒன்பது வருசமாகப் பாடம்.

ஒன்பது வருசத்துக்கு முதல் பல் வைத்தியரிடம் போயிருந்தபோது, காத்திருக்கும் அறையில் கிடந்த ஒரு சஞ்சிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆள் உயரத்தைப்போல் ஆறு ஏழு மடங்கு உயர்ந்த கள்ளி, மறு பக்கம் நீலக் கடல், நடுவில் ஒடுங்கிய தார் றோட்டு. அந்த றோட்டில் வெள்ளை வெள்ளையாக ஆர்.வி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கலிபோர்னியாவுக்குக் கீழே, மெக்சிக்கோவின் மேற்குப் பக்கத்தில் தொங்கும் நீண்ட குடாநாடு என்று கீழே எழுதியிருந்தது. நாங்கள் பிறந்து வளர்ந்த குடாநாட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அதற்குள் வைத்தால் திரும்பத் தேடி எடுக்க முடியாது, அவ்வளவு பெரிய இடம். முழுக்கப் பாலைவனம். நான் இரண்டு தரம் பலமாக இருமி, அந்தச் சத்தத்துக்குள் பக்கத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே களவு அதுதான்.

படம் எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஏறியது. என் கணவர் அப்போது ட்ரக் ஓடிக்கொண்டிருந்தார். கிழமையில் நாலு நாள் அமெரிக்க றோட்டுகளில்தான் அவருக்குச் சீவியம். படத்தைப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் பண்ணினாப் பிறகு உம்மைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னார். நானும் நம்பினேன். சிநேகிதி ஒருநாள் தேத்தண்ணி குடிக்க வந்து, "உது என்ன படம் அக்கா?" என்று கேட்டபோது, அரை மணித்தியாலம் நின்று விளங்கப்படுத்தியவளும் நான்தான். கூட்டமாகப் போவதற்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, முன்னுக்கு வழி தெரிந்தவரின் வண்டி, கடைசியில் யாரும் பிந்தாமல் பார்த்துக்கொள்ளும் வண்டி, வழியில் திமிங்கிலம் பார்க்கலாம், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். "எங்களுக்கு உதெல்லாம் சரிவராது" என்று அன்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் ரிட்டயர் பண்ணினார். முதல் மாதம் படத்தைக் காட்டிக் கேட்டேன். "கொஞ்சம் ஆற விடும் அப்பா, இருபத்தைஞ்சு வருசமா றோட்டைத்தானே பாத்தனான்" என்றார். ஆற விட்டேன். அவர் சோபாவில் ஆறிக்கொண்டே இருந்தார். நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஒரு விசயத்தை இரண்டு தரம் கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை, அது என்னுடைய திமிர்.

நானும் அவளும் முப்பது வருசத்துக்கு முந்தி ஸ்காபரோவில் ஒரே மாடிக் கட்டடத்தில் ஒரே தளத்தில் இருந்தவர்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று பெட்டி ஒட்டினோம். அவளின் பிள்ளைகளை நான் பார்த்தேன், என் பிள்ளைகளை அவள் பார்த்தாள். அவளுக்கு வீடு வந்தபோதும், அவளின் மகளுக்கு நல்ல இடத்தில் கலியாணம் சரிவந்தபோதும் எனக்கு உண்மையாகவே சந்தோசம். ஆனால் இது வேறு. இது என் பிரிட்ஜ் கதவில் இருந்ததை அவள் கழற்றிக்கொண்டு போனது மாதிரி. எனக்கு வந்தது பொறாமைதான். மரியாதையான வேறு சொல் ஏதும் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

செப்டெம்பரில் வண்டி வந்து வோபர்னில் அவர்களின் வீட்டு டிரைவ்வேயை அடைத்துக்கொண்டு நின்றது. அவளின் கணவர் வங்கியில் வேலை செய்தவர். பிளாசாவில் சின்னக் காரைப் பின்னுக்கு எடுக்கவே ஆள் இறங்கிக் கை காட்ட வேண்டும். அவர் இப்போது ஒரு வீட்டை ஓட்டப்போகிறாராம். "அண்ணை, கொஞ்சம் பழக்கிவிடுங்கோ" என்று என் கணவரைக் கேட்டார். சோபாவில் கிடந்த மனுசன் துள்ளி எழுந்தார். ஞாயிறு காலையில் வெறுமையாகக் கிடக்கும் பிளாசா பார்க்கிங்கில் ஒரு மாதம் பாடம் நடந்தது. வீட்டுக்கு வந்து, "இண்டைக்கு நல்லா றிவேஸ் எடுத்தவன்" என்று ஏதோ பிள்ளை சோதனை பாஸ் பண்ணியதைப்போலச் சொல்லுவார்.

நான் சும்மா இருந்தேனா? வாய் திறந்த நேரமெல்லாம் நக்கல்தான். "கக்கூஸைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுத்தப் போகினம்" என்றேன். "உந்த வயசில உது தேவையே?" என்றேன். சிநேகிதி வண்டிக்குள் கூட்டிப்போய்க் காட்டியபோது, அடுப்பைப் பார்த்து, "உதில ஒரு புட்டு அவிக்க ஏலுமே?" என்றேன். பாலைவனத்தில் பாம்பு சப்பாத்துக்குள் வந்து படுக்குமாம் என்று அவளைப் பயப்படுத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பின்னுக்குப் பெரிய கட்டில், மேசையை மடித்தால் இன்னொரு கட்டில். "இதில இன்னும் ரெண்டு பேர் படுக்கலாம் அக்கா" என்றாள். "ஆர் வந்து உதுக்குள்ள படுக்கிறது" என்றேன் நான்.

வீட்டில் கணவரிடமும் அதையேதான் சொன்னேன். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும்.

அவர்கள் வெளிக்கிட்ட காலை நல்ல குளிர். அதற்கு முதல் கிழமையே றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தாயிற்று. ஆனாலும் சிநேகிதிக்கு மனம் ஆறவில்லை. "கண்டவையும் வந்து பாத்திட்டுப் போகினம் அக்கா. உங்கட கையால கண்ணூறு கழிச்சு விடுங்கோ" என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த விசயம். செத்தல் மிளகாய், உப்பு, கடுகு எடுத்து மூன்று தரம் சுற்றி நெருப்பில் போடவேண்டும். இன்னார்தான் கண் வைத்தவர் என்று சந்தேகம் இருந்தால், அவருக்குத் தெரியாமல் அவரின் காலடி மண்ணில் ஒரு நுள்ளு எடுத்து அதோடு சேர்ப்பார்கள். மிளகாய் எரியும்போது நெடி அடித்து இருமல் வந்தால் கண்ணூறு இல்லை. நெடி வராவிட்டால் பலமான கண்.

கதவடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தேன். அவள் அங்கும் இங்கும் ஓடித் திரிந்துவிட்டு, பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். பிள்ளையைச் சுற்றுவதென்றால் கையைச் சுழற்றினால் போதும். ஆர்.வியைச் சுற்ற ஆள்தான் நடக்கவேண்டும். ஐஸில் வழுக்காமல், ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பொட்டலத்தோடு மூன்று முறை சுற்றினேன். ஊர்க் கண்ணெல்லாம் போகட்டும் என்று வாய் சொல்லியது. என் கண் அந்த வண்டியின் முன் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டாவது கதிரையிலேயே நின்றது. எவ்வளவு பெரிய கண்ணாடி. அதில் இருந்துகொண்டு போனால் பாலைவனம் முழுக்க மடியில் வந்து விழும்.

பார்ட்டிக்குச் சாப்பாடு வாங்கும் அலுமினியத் தட்டில் நெருப்பு மூட்டிப் பொட்டலத்தைப் போட்டேன். மிளகாய் கறுத்துச் சுருண்டு எரிந்து முடிந்தது. ஒரு சின்ன இருமல்கூட யாருக்கும் வரவில்லை.

"பாத்தீங்களே அக்கா! எவ்வளவு கண்ணூறு எண்டு!" என்றாள் சிநேகிதி.

காற்று எதிர்ப் பக்கம் அடித்தது, திறந்த வெளி வேறு, நெடி எப்படி வரும் என்று எனக்குள் வாதாடினேன். வண்டி மூலை திரும்பி மறையும் வரை கை காட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர் என்று கணவரிடம் சொன்னேன்.

அமெரிக்காவைக் குறுக்கே ஓடி, கலிபோர்னியாவின் அடியில் மற்ற வண்டிகளோடு சேர்ந்து, அவர்கள் எல்லை கடந்தார்கள். வண்டிகளுக்கு இலக்கம் கொடுத்திருந்தார்கள். காலையில் வெளிக்கிட முதல் எல்லாரும் றேடியோவில் தங்கள் இலக்கத்தைச் சொல்ல வேண்டும். இவர்கள் பதினொன்று. "இலெவன் றெடி" என்று சிநேகிதி சொல்லும் சத்தம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு நாளும் கேட்கும். அவர்களுக்கு ஏழு மணி, எங்களுக்குப் பத்து. அவளின் கணவர் வெளிக்கிட முதல் என் கணவருக்கு வட்ஸ்அப்பில் எடுக்காமல் சாவியைத் தொடமாட்டார். இவர் எங்கேயோ தேடி ஒரு பெரிய கடதாசி வரைபடம் வாங்கி மேசையில் விரித்து வைத்திருந்தார். நாங்கள் சாப்பிடுவது அதன் ஓரத்தில், குழம்பு சிந்தாமல்.

"அண்ணை, றோட்டு சரியான ஒடுக்கம். வெள்ளைக் கோட்டுக்கு அங்கால ஒண்டுமில்லை, பள்ளம்தான்."

"நீ பள்ளத்தைப் பாக்காதை. தூர, றோட்டு முடியிற இடத்தைப் பார். வண்டி தானாப் போகும்."

"முன்னுக்குப் போற ட்ரக் இடப்பக்கச் சிக்னல் போடுறான் அண்ணை. ஆனா திரும்பிறானில்லை."

"அங்க அப்பிடித்தான். வழி கிடக்கு, முந்திக்கொண்டு போ எண்டுறான். ஆனா அவன்ர சொல்லை நம்பிப் போகாதை, நீயும் பார்."

நான் பின்னால் நின்று தேத்தண்ணி ஊற்றுவேன். கணவரின் விரல் வரைபடத்தில் அந்த ஒற்றை றோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டே போகும். எனக்குக் காட்டுவதாகச் சொன்ன இடத்தை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவரும் போய்விட்டார், நான் மட்டும்தான் ரொறன்ரோவில் நிற்கிறேன் என்று தோன்றும். அந்தக் கடதாசிமீதுகூட எனக்கு எரிச்சல் வந்தது.

படங்கள் வந்தபடி இருந்தன. கள்ளிக்குப் பக்கத்தில் சிநேகிதி. உப்பு மலைக்கு முன்னால் சிநேகிதி. தலையில் அகலத் தொப்பி, காலில் செருப்பு. செருப்பு! நான் இங்கே இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு நின்றேன். குடாநாட்டின் நடுவில், கீழ்ப் பாதிக்குள் போகும் இடத்தில், அதிகாரிகள் வண்டிகளைச் சோதித்துப் பழம் காய்களைப் பறித்தெடுப்பார்களாம். அவள் சில்லுக்கு வைக்கவென்று கொண்டுபோன தேசிக்காய் அத்தனையும் போயிற்று. கறிவேப்பிலையும் போயிற்று. "இனி எதை வைச்சு வெளிக்கிடுறது அக்கா?" என்று கவலையோடு குரல் அனுப்பினாள். நான் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

நிம்மதி இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் திமிங்கில வீடியோ. நான் எல்ஸ்மியர் றோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், ஒரு கையில் அரிசி மா, மறு கையில் மீன் பை, குளிரில் மூக்கு நுனி இருப்பதே எனக்குத் தெரியவில்லை. போனைத் திறந்தால் சின்னப் படகு ஒன்றின் ஓரத்தில் குனிந்துகொண்டு சிநேகிதி. தண்ணீருக்குள்ளிருந்து பெரிய சாம்பல் நிறத் தலை ஒன்று எழும்பி வருகிறது. அவள் கையை நீட்டித் தடவுகிறாள். "ஐயோ அக்கா! ரப்பர் மாதிரி இருக்கு! ரப்பர் மாதிரி இருக்கு!" என்று கத்துகிறாள். தடவிக்கொண்டு என்னைத்தான் கூப்பிடுகிறாள், தன் புருசனை அல்ல. நான் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, "சுப்பர்" என்று எழுதி மூன்று சிவப்பு இதயம் போட்டு அனுப்பினேன். பஸ்ஸுக்குள் ஏறி இருந்து, சின்னதாக ஏதாவது நடக்கட்டும் என்று நினைத்தேன். பெரிதாக வேண்டாம், பிரிட்ஜ் வேலை செய்யாமல் போகட்டும், தண்ணீர் ஒழுகட்டும். இப்படி ஒரு நேர்த்திக்கடன் வைத்துக்கொண்டு மீன் பையோடு வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. வழமையான நேரம் இல்லை. திரையில் அவளின் கணவர் வியர்த்துப்போய் நின்றார்.

"அண்ணை, புதைஞ்சிட்டுது. சில்லு அரைவாசி மண்ணுக்குள்ள. கடல் ஏறி வருது அண்ணை."

முதலில் எனக்கு வந்தது சந்தோசம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதுதான் முதலில் வந்தது, பாரம் இறக்கி வைத்த மாதிரி ஒரு சந்தோசம். அதற்குப் பிறகுதான் திரையின் மூலையில் சிநேகிதி தெரிந்தாள். முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள், அழுதுகொண்டே. அவளுக்கு ஏழெட்டு அடி பின்னால் தண்ணீர் வந்து வந்து போனது.

என் கணவர் சத்தம் போடவில்லை. "எஞ்சினை நிப்பாட்டு. இனிக் காஸை அமத்தாதை, அமத்த அமத்தக் கீழதான் போகும். ரயர் எல்லாத்திலயும் காத்தை அரைவாசிக்கு இறக்கு. காலுக்குப் போடுற மிதியடி, காப்பெற், என்ன கிடக்கோ எல்லாத்தையும் சில்லுக்கு முன்னால போடு. மற்ற வண்டிக்காரர் எங்க?"

மற்ற வண்டிக்காரர்கள் கரையில் மேட்டில், இறுகிய மண்ணில் நின்றார்கள். கடைசி வண்டிக்காரர்தான் முதலில் மண்வாரியோடு ஓடிவந்தார், பிறகு எல்லாரும் வந்தார்கள். பிக்கப் ஒன்றில் பட்டி கட்டி இழுத்தார்கள். தண்ணீர் பின் சில்லைத் தொட்ட நேரம் வண்டி ஒருமுறை உறுமிவிட்டு மேலே ஏறியது. நான் கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கையை எடுக்கக் கொஞ்ச நேரம் சென்றது.

அவர்கள் ஏன் தனியே கடலோரம் போய் நின்றார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அன்று காலை மீன் வாங்கியிருந்தார்கள். பொரித்து, ஒரு குழம்பும் வைக்க ஆசை. மணம் மற்றவர்களுக்குப் போகக்கூடாது என்று நூறு யார் தள்ளிப் போய் நின்றார்களாம். மாடிக் கட்டடத்தில் இருந்த காலத்தில் மீன் மணத்துக்காக எங்கள் இரண்டு வீட்டுக் கதவிலும் முறைப்பாட்டுக் கடிதம் செருகியிருந்தார்கள். முப்பது வருசம் கழித்தும், ஒரு பாலைவனத்தில், ஒரு கடலுக்கு முன்னால், அந்தக் கடிதத்துக்குப் பயந்து தள்ளிப்போய் நின்றிருக்கிறாள். வண்டி மேலே வந்த பிறகு இழுத்தவர்கள் எல்லாரும் அந்தக் குழம்பைத்தான் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டார்களாம். படம் வந்தது. சுற்றிவர மடக்குக் கதிரைகள், நடுவில் சட்டி, எல்லார் முகத்திலும் சிரிப்பு. எனக்கு மறுபடியும் எரிந்தது. புதைந்தும் அவள்தான் வென்றாள்.

ஆனால் அன்று பின்னேரமே பிரிட்ஜ் கதவில் இருந்த படத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தேன். அந்த அலுமினியத் தட்டு மனதை விட்டுப் போகவில்லை. நெடி வராமல் போனது யாரால் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் முடிவில் வந்து சேர்ந்தார்கள். வண்டி வோபர்ன் டிரைவ்வேயில் பாலைவனத்துப் புழுதியோடு நின்றது. நாங்கள் போனோம். சிநேகிதி கறுத்து மெலிந்து வடிவாக இருந்தாள். எனக்கென்று ஒரு சிப்பியும் ஒரு பை உப்பும் தந்தாள். உப்புப் பையைக் கையில் வாங்கியதும் எனக்கு அடக்க முடியவில்லை.

"எடி, உங்கட வண்டி புதைஞ்சது என்னாலதான். நான்தான் கண் வைச்சனான். நீ சொன்ன நாள் துவக்கம் எனக்கு வயிறு எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. என்னைப்போய்க் கண்ணூறு கழிக்கச் சொன்னியே."

இரண்டு ஆம்பிளைகளும் கோப்பையோடு அப்படியே இருந்தார்கள். சிநேகிதி மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் அக்கா. அண்டைக்கு உங்கட சப்பாத்துக்குக் கீழ இருந்துதான் மண் எடுத்து அந்தப் பொட்டலத்துக்க போட்டனான்."

விளங்கியதும் கோபம் தலைக்கு ஏறியது. என் காலடி மண்ணை எடுத்து, என் கையிலேயே தந்து, என்னையே மூன்று முறை சுற்ற வைத்திருக்கிறாள்.

"என்ர காலடி மண்ணையோ எடுத்தனி? முப்பது வருசம் பழகிப்போட்டு?"

"கோவிக்காதேங்கோ. வேற ஆரின்ர மண்ணை எடுக்கிறது? எங்களை அவ்வளவு பாக்கிறதுக்கு வேற ஆர் இருக்கினம்?" என்றாள். பிறகு குரல் தணிந்தது. "நீங்கள் ஒரு சொல், வாறன் எண்டு சொல்லுவீங்கள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். உங்கட பிரிட்ஜில இருந்த படமெல்லோ அது? நாலு பேர் போற வண்டியாப் பாத்துத்தானே எடுத்தது. அண்ணையை ரெண்டு தரம் கேட்டம். அவர்தான் வேண்டாமெண்டிட்டார்."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"என்னை ஏன் பாக்கிறீர்? நீர்தானே ஒவ்வொரு நாளும் சொன்னீர், கக்கூஸைக் கட்டி இழுத்துக்கொண்டு போகினம் எண்டு. ஆர் வந்து உதுக்குள்ள படுக்கிறது எண்டு. படத்தைப் பாத்து ஆசைப்பட்டது முந்தி, பிறகு உமக்கு வெறுத்துப்போச்சு எண்டு நினைச்சிட்டன். நான் வெளிக்கிட ஆயத்தமாத்தான் இருந்தனான்."

அந்த வரைபடம் அதற்காகத்தான் வாங்கியதாம். வண்டி வந்த அதே மாதம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும், அந்த இரண்டாவது கதிரையில் இருந்திருப்பேன். எவரும் என்னிடமிருந்து எதையும் களவெடுக்கவில்லை. ஒரு மாதிரிச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு சிநேகிதியிடம் சொன்னேன்: "அடுத்த முறை மண் வேண்டாம். ஆளையே கூட்டிக்கொண்டு போ."

அவள் தன் கணவரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"வித்தாச்சு அக்கா," என்றார். "அண்டைக்குத் தண்ணி சில்லில முட்டினதோட என்ர மனம் விட்டுப்போச்சு. றிச்மண்ட் ஹில்லில ஒரு இளம் சோடி. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் குடுக்கவேணும். அதுக்கும் அண்ணையைத்தான் கேக்க இருந்தனான், எனக்கு இனி உந்த வண்டியோட ஹைவே ஏலாது."

ஆக, நானும் ஆர்.வியில் பயணம் போனேன். வோபர்னிலிருந்து றிச்மண்ட் ஹில் வரை. கணவர் ஓட்டினார், நான் இரண்டாவது கதிரையில் இருந்தேன், சிநேகிதியும் அவளின் கணவரும் பின்னால் தங்கள் காரில் வந்தார்கள். நான் நினைத்ததைவிடக் கண்ணாடி பெரிது. 401 ஹைவேயில் ஏறியபோது உயரத்திலிருந்து எல்லாக் கார்களும் கீழே தெரிந்தன. கணவர் ஒரு கையைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, ட்ரக் ஓடிய காலத்து இருப்பில் நிமிர்ந்து இருந்தார். அந்த இருப்பை நான் ஒருபோதும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. கண்ணாடித் தட்டின் இடுக்கில் வெள்ளை மணல் கிடந்தது. விரலால் தொட்டு எடுத்தேன். "இலெவன் றெடி" என்று சொன்னேன். அவர் இடப்பக்கச் சிக்னலைப் போட்டு ஒரு பஸ்ஸை முந்தினார். வழி முழுக்க நெரிசலாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஞாயிறு காலை, றோட்டு வெறுமையாகக் கிடந்தது.

இளம் சோடி வாசலில் நின்றது. முப்பது வயது வந்தால் அதிகம். பெண் பிள்ளை வண்டியைப் பார்த்து இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஓ மை கோட், அன்ரி, வீ ஆர் சோ எக்ஸைற்றட்! நெக்ஸ்ட் வின்ரர் நாங்களும் பாஹாதான் போறம். நீங்கள் போனனீங்களா? எப்பிடி இருந்தது?"

சிநேகிதியின் கார் இன்னும் மூலை திரும்பி வந்து சேரவில்லை.

"ஓம் பிள்ளை, சொல்லி வேலையில்லை" என்றேன். "திமிங்கிலத்தைத் தொட்டுப்பார், ரப்பர் மாதிரி இருக்கும். மீன் பொரிக்கிறதெண்டாலும் மற்ற ஆக்களுக்குப் பக்கத்திலேயே நிண்டு பொரியுங்கோ. தள்ளிப் போகாதேங்கோ."

என் கணவர் என்னைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அந்தப் பிள்ளை ஓடிப்போய் இரண்டாவது கதிரையில் ஏறி இருந்தாள். காலை மடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக எங்களுக்குக் கை காட்டினாள். முன்பின் தெரியாத பிள்ளை, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

பனி உருகி அந்த இளம் சோடியின் டிரைவ்வே ஓரத்து மண் ஈரமாக இருந்தது. வந்து நின்ற சிநேகிதியின் காருக்குப் போகும் வழியில் அதில் இறங்கி, இரண்டு சப்பாத்தையும் நன்றாக அழுத்திப் பதித்துவிட்டு வந்தேன். தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளட்டும்.